எல்லாச் சத்தமும் இடப்பக்கம்

டிவியில் பேசுவது ஒன்றும் விளங்கவில்லை என்று மாதக்கணக்கில் முணுமுணுத்த வேன்காரர், ஒருவழியாக டிவியின் ஒலியைப் பெருக்கித் தரும் ரிசீவரும் ஐந்து ஸ்பீக்கரும் வாங்கி வந்துவிட்டார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பிள்ளைகளுக்கு 'பாம்பாம் மாமா'. டிவி சத்தத்தைக் கூட்டிக் கூட்டி மேல்வீட்டுக்காரர் வாயில் விழுந்தது போதும் என்று மனைவியும் தடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூடமே தலைகீழாகக் கிடந்தது. ரிசீவரின் பின்பக்கம் சல்லடை மாதிரி அத்தனை ஓட்டை. அவர் குப்புறப் படுத்து வயர்களைத் திருக, அவள் சிவப்பு எது கறுப்பு எது என்று டார்ச் அடித்தாள். எல்லாம் முடிந்ததும் சோதனைச் சத்தத்தைப் போட்டார். மழை இரைச்சல் போன்ற ஒன்று ஸ்பீக்கர் ஸ்பீக்கராகச் சுற்றி வந்தது.

திரையில் 'முன் வலது' என்று வந்தபோது சோபாவில் இருந்தபடியே தலையில் அடித்துக்கொண்டார்.

"போச்சு. வயர மாத்திக் குத்திட்டேன். சத்தம் இடது பக்கமால்ல வருது!"

வலது ஸ்பீக்கர் அருகில்தான் அவள் நின்றிருந்தாள். "இல்லீங்க, இதுலதான் வருது."

"உனக்கென்ன தெரியும்?"

வயர்களை மாற்றிப் போட்டார். அப்போதும் இடப்பக்கம்தான் என்றார். கடைக்குப் போன் போட்டு, ஓட்டை ஸ்பீக்கரைத் தலையில் கட்டிவிட்டதாகக் கத்தினார். அவள் வயரைப் பழையபடி மாட்டினாள்.

"கொஞ்சம் அப்படியே திரும்பி உக்காருங்க. கண்ண மூடிட்டு, சத்தம் வர்ற பக்கம் கைய நீட்டுங்க."

"என்ன, சின்னப் புள்ள வெளையாட்டா?" என்று சிரித்தாலும் திரும்பி உட்கார்ந்தார். சத்தம் ஒரு சுற்று முழுக்க வந்தது. அவருடைய இடது கை நீட்டிய இடத்திலேயே நின்றது.

"என்னங்க... எல்லாத்துக்கும் ஒரே பக்கம் காட்டுறீங்க."

கை மெல்ல இறங்கியது. கண்ணை மட்டும் திறக்கவில்லை.

படுக்கையில் அவருக்கு வலப்பக்கம் படுப்பவள் அவள். இத்தனை நாளாக இருட்டில் தான் சொன்னதற்கெல்லாம் பதில் வராதபோது, மனுஷனுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்றுதான் நினைத்திருந்தாள்.

"எப்பலேருந்து?"

"அந்தக் காய்ச்சல் வந்து போச்சே, அப்பலேருந்து. வலது காதுல ஒரே இரைச்சல். அப்புறம் அதுவும் இல்ல. போன வாரம் ஒரு பைக்குக்காரன் வலது பக்கமா ஹாரன் அடிச்சிட்டே வந்திருக்கான். எனக்குக் கேக்கல. மயிரிழைல தப்பினான். வண்டி நெறையப் புள்ளைங்க."

"நாளைக்கு வண்டி எடுக்காதீங்க."

"வெளிய தெரிஞ்சா அவ்வளவுதான். வேற என்ன தொழில் தெரியும் எனக்கு? யார்கிட்டயும் சொல்லாத."

அவள் போனை எடுத்துப் பள்ளிக்கூட மேலாளரிடம் உள்ளதைச் சொன்னாள். வேன்காரர் தடுக்கவில்லை; ஆனால் அன்று முழுக்க அவள் முகத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை.

மறுநாள் காது டாக்டர் பரிசோதித்துவிட்டு, வலது காதுக்குக் கேட்கும் திறன் இனித் திரும்பாது, காய்ச்சல் விட்டதும் வந்திருந்தால் ஏதாவது முயன்று பார்த்திருக்கலாம் என்றார். வெளியே வந்ததும் வேன்காரர் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"சொல்லியிருந்தா நீ அன்னிக்கே இழுத்துட்டு வந்திருப்ப," என்றார்.

அவள் சுற்றி அவருடைய இடப்பக்கம் வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.