மூணு மணிக்கு வாங்க சார்

காலை ஆறரை மணி. செமினியில் இருந்த அந்தத் தாமான் குடியிருப்பின் நுழைவாயிலில் தடுப்புக்கட்டை மேலே ஏறவில்லை. முகுந்தன் காரில் இருந்தபடி மூன்று முறை ஹோன் அடித்தார். காவல் கூண்டுக்குள் பாதுகாவலர் நாற்காலியில் சாய்ந்து, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். முகுந்தன் இறங்கினார். எழுப்புவதற்கு அல்ல. கைப்பேசியில் படம் பிடித்து, குடியிருப்பாளர்களின் வாட்சப் குழுவில் போட்டார். 'நம் வீட்டைக் காப்பவரின் இலட்சணம்' என்று கீழே ஒரு வரி எழுதினார். பிறகுதான் கூண்டின் கண்ணாடியைத் தட்டினார்.

ராதாகிருஷ்ணன் பதறி எழுந்தார். ஐம்பது வயது. கண்கள் மிளகாய்ப் பழம்போல் சிவந்திருந்தன.

"சோரி பாஸ். கண்ணு அசந்துடுச்சு."

"நல்லா அசந்துச்சு! படம் எடுத்துட்டேன். எல்லாருக்கும் போயாச்சு."

"பாஸ், அழிச்சிருங்க பாஸ். ரெண்டு வார்னிங் லெட்டர் வாங்கிட்டேன். இன்னொன்னு வந்தா வேலை போயிரும்."

"பகல் முழுக்க வீட்டுல என்னா பண்றீங்க? தூங்கிட்டு வர வேண்டியதுதானே?"

"வீட்டுல தூங்க முடியல பாஸ். பெட்டி வீடு. ஒங்களுக்குத் தெரியாததா? சாவி குடுத்த அன்னிக்கு வெள்ளத் தொப்பி போட்டுக்கிட்டு நீங்கதானே வந்தீங்க?"

முகுந்தன் திரும்பி நடந்தார். காரில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். உள்ளே ஏர்கோன் ஓடிக்கொண்டிருந்தது.

பெட்டி வீடு என்பது அங்கு குடியிருந்தவர்கள் வைத்த பெயர். தோட்டத்து வீடுகளைக் காலி செய்த குடும்பங்களுக்காகக் கட்டியது. தொழிற்சாலையில் வீட்டை அறை அறையாக இரும்பில் செய்து, லோரியில் கொண்டுவந்து, நான்கு மாடிக்கு அடுக்கினார்கள். வரைபடத்தில் குறையே இல்லை. வெயிலைத் தடுக்க இரட்டைக் கூரை. எதிரெதிர்ச் சுவர்களின் உச்சியில் காற்றுத் துவாரம், சூடு ஒரு பக்கம் வெளியேற, காற்று மறுபக்கம் உள்ளே வர. ஏர்கோனே வேண்டாம், ஒரு விசிறி போதும். வரைந்தவர் இந்த நாட்டு வெயிலை நினைத்து வரைந்திருந்தார்.

கட்டிய நிறுவனம் இலாபத்தை நினைத்துக் கட்டியது. இரண்டாவது கூரையை விட்டுவிட்டது. துவாரங்களை வெட்டவே இல்லை. திட்டத்தின் மேற்பார்வையாளர் முகுந்தன். அவர் மாடி ஏறிப் பார்க்காமல் எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டார். அந்த மாதம் அவருடைய வீட்டில் இரண்டு ஏர்கோன்கள் மாட்டப்பட்டன. "வேற சைட்ல மிஞ்சினது லா" என்று சிரித்தார் நிறுவனத்தின் மேலாளர் குரு. முகுந்தன் மேற்கொண்டு கேட்கவில்லை. லஞ்சம் உறைக்குள் வைத்துத்தான் வரும் என்று நினைப்பவர்கள் உண்டு. இது ரிமோட்டோடு வந்தது.

அந்த வாரம் வியாழக்கிழமை முகுந்தன் பெட்டி வீடுகளுக்குப் போக வேண்டியிருந்தது. கட்டிக் கொடுத்து ஓராண்டு ஆகப்போகிறது. அவருடைய இன்னொரு கையெழுத்து விழுந்துவிட்டால், அதற்குப் பிறகு எது உடைந்தாலும் நிறுவனத்தைக் கேட்க முடியாது. வழக்கம்போல் ஒன்பது மணிக்குப் போனார். கீழ்த்தளத்தில் இரண்டு வீடுகளை எட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பினார். படிக்கட்டுக்குக் கீழே, மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவில், ஒருவர் அட்டை விரித்துப் படுத்திருந்தார். 'இங்கே படுக்கக் கூடாது' என்ற அறிவிப்பு அவர் தலைக்கு மேலேயே தொங்கியது. ராதாகிருஷ்ணன்.

படியில் ஒரு பெண் வழியை மறித்து நின்றார். ராதாகிருஷ்ணனுடைய மனைவி மலர்.

"படம் எடுக்கலியா சார்? இங்கயும் தூங்குறாரே."

"அக்கா, நான் வேலையா வந்திருக்கேன்."

"என்னா வேலை? ஒம்பது மணிக்கு வந்தா எந்த வீடும் நல்ல வீடுதான். மூணு மணிக்கு வாங்க சார். எங்க வீட்டுல பாய் போட்டு வைக்கிறேன். கால் மணி நேரம் படுத்துப் பாருங்க. அப்புறம் எங்க வேணும்னாலும் சைன் பண்ணுங்க."

மாடிகளில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். "வர மாட்டாரு லா, சட்ட நனைஞ்சிரும்" என்று ஒரு குரல் வந்தது. சிரிப்பு எழுந்தது.

அந்தச் சிரிப்புக்காகத்தான் முகுந்தன் மூன்று மணிக்குத் திரும்பி வந்தார். நியாயத்துக்காக அல்ல.

நான்காவது மாடி. கதவைத் திறந்ததும் முகத்தில் அனல் அடித்தது. சுவரைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். விசிறி சுடுகாற்றையே சுற்றிச் சுற்றி அடித்தது. பாயில் படுத்தார். ஐந்தாவது நிமிடம் சட்டை முதுகோடு ஒட்டியது. பத்தாவது நிமிடம் நெஞ்சு படபடத்தது. சுவரின் உச்சியில் வெள்ளை நிறத்தில் சட்டம் போட்ட துவாரம் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிலிருந்து ஒரு மூச்சுக் காற்றுகூட வரவில்லை. எழுந்து உட்கார்ந்தார்.

மலர் நாற்காலியைப் போட்டு ஏறி, கரண்டி முனையால் நான்கு திருகாணிகளைக் கழற்றினார். சட்டம் கையோடு வந்தது. பின்னால் முழு இரும்புத் தகடு. ஓர் ஊசி நுழைய இடமில்லை.

"சாமிக்கு ஊதுவத்தி ஏத்துறதையே விட்டுட்டேன் சார். பொகை வெளிய போனாத்தானே? இந்த பில்டிங்ல பாதிப் பேரு நைட்டு வேலை. இவரு மாதிரி ஜாகா, கையுறை ஃபேக்டரி, ஏர்போர்ட்டு. எல்லாரும் பகல்லதான் தூங்கணும். எங்க தூங்குறது? நீங்களே சொல்லுங்க."

முகுந்தன் ஏணி வைத்துக் கூரையையும் ஏறிப் பார்த்தார்; ஒற்றைத் தகடுதான் இருந்தது. அந்த வாரம் முழுக்க அவர் தன் வீட்டில் ஏர்கோன் குளிருக்குப் போர்வைக்குள் தூங்கியிருந்தார்.

மறுநாள் மதியம் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு. குரு கையெழுத்துப் போட வேண்டிய பாரத்தை இலைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"சைன் பண்ணுங்க பாஸ். சோறு ஆறிரும்."

முகுந்தன் எழுதினார். துவாரங்கள் இல்லை. இரண்டாவது கூரை இல்லை. சென்ற ஆண்டு நான் பார்க்காமல் கையெழுத்திட்டேன்.

குருவின் கை சோற்றிலேயே நின்றது. "பைத்தியமா லா? நீயும் சேர்ந்து மாட்டுவ. ஒன் வீட்டு ஏர்கோன் யாரு போட்டா?"

"அடுத்த பக்கத்த பாரு. அதையும் எழுதியிருக்கேன்."

இலையை மூடிவிட்டு எழுந்தார்.

விசாரணை வந்தது. முகுந்தனை வேலையிலிருந்து இடைநீக்கம் செய்தார்கள். செய்ய வேண்டியதுதான். நான்கு மாதம் கழித்து நிறுவனத்தின் ஆட்கள் வந்து, ஒவ்வொரு வீட்டிலும் இரும்பை அறுத்துத் துவாரம் வைத்தார்கள். இரண்டாவது கூரையும் ஏறியது.

வேலை முடிந்த வாரம் முகுந்தன் மூன்று மணிக்கு நான்காவது மாடிக்குப் போனார். நன்றி சொல்வார்கள் என்ற ஆசை ஓரத்தில் இருந்தது. காவல் கூண்டில் சில மாதங்களாக வேறு ஆள்; ராதாகிருஷ்ணனை வேறு இடத்துக்கு மாற்றியிருப்பார்கள் என்று நினைத்திருந்தார். கதவு திறந்திருந்தது. உள்ளே காற்று ஓடியது. சாமி படத்துக்கு முன்னால் ஊதுவத்திப் புகை துவாரத்தை நோக்கிச் சாய்ந்து போனது. பாயில் ராதாகிருஷ்ணன் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"நல்லா தூங்குறாரே!" என்றார் முகுந்தன்.

"தூங்குறாரு. வேலைதான் இல்ல" என்றார் மலர். "நீங்க உண்மைய எழுதிக் குடுத்த அதே வெள்ளிக்கெழம மூணாவது லெட்டரு வந்துச்சு."

"இங்க வந்து படுத்த அன்னைக்கு ராத்திரியே படத்த அழிச்சிட்டேன் அக்கா."

"ஒங்க போன்லதானே அழிச்சீங்க? அதுக்குள்ள அது செக்யூரிட்டி கம்பெனிக்காரன் போனுக்குப் போயிருச்சே, அதுல அழியுமா?"

முகுந்தன் தலை குனிந்தார். மலர் குரலை உயர்த்தவில்லை. தூங்குகிறவர் எழுந்துவிடக் கூடாது.

"பாக்காம ஒரு கையெழுத்து போட்டீங்க. கேக்காம ஒரு படம் போட்டீங்க. ரெண்டுலயும் மாட்டுனது ஒரே ஆளு. ஓட்டைய வெட்டிட்டா காத்து வந்துரும் சார். போன வேலை வராது. இனிமே எதுல கைய வைக்கிறதா இருந்தாலும், அதுக்குக் கீழ யாரு படுத்திருக்கான்னு மொதல்ல பாத்துட்டு வைங்க."