பிக்கப்பும் நிரபராதி, டிரெய்லரும் நிரபராதி

1

இந்தக் கதை திருட்டுச் சரக்கு. டிரெய்லர் பிரேக் வாங்கியபோது பெட்டியோடு ஒரு கையேடு வந்தது. அதில், பழுது இழுக்கிற வண்டியிலா இழுபடுகிற வண்டியிலா என்று முதலில் தீர்மானிக்கச் சொல்லியிருந்தது. அமெரிக்காவில், ஐடஹோவில் நாற்பத்தொரு வருஷமாகக் குடியிருக்கிறேன். இங்கே விவாகரத்து நீதிபதிகள்கூட இவ்வளவு தெளிவாகப் பேசிக் கேட்டதில்லை. விஷயத்தை உருவிக்கொண்டு, அதற்கு இரண்டு பேரைத் தேடினேன்.

ஆரினும் வில்டாவும் கிடைத்தார்கள். இருபத்திரண்டு வருஷக் குடித்தனம். பிரிந்து பதினைந்து மாதம். நீதிபதி இழுக்கிற பிக்கப் வண்டியை ஆரினுக்கும் இழுபடுகிற டிரெய்லரை வில்டாவுக்கும் கொடுத்தார். (நியாயமான தீர்ப்புதான். அன்றிலிருந்து இருவராலும் ஒரு கழுதையைக்கூட எங்கும் கொண்டுபோக முடியவில்லை.)

முதல் தொடக்கம்: “கணவாயின் உச்சியில் பனி கொட்டிக்கொண்டிருந்த அந்த” — வேண்டாம். இவர்கள் போகிற சந்தை ஆகஸ்டில், பனி ஏது?

இரண்டாவது: “ஆரின் நல்லவன்தான், ஆனால்” — இந்த ‘ஆனால்’ பக்கத்தை விழுங்கிவிடும்.

மூன்றாவது: காலை ஒன்பது மணி. கணவாய் உச்சியில், லாரிக்காரர்கள் இறங்குமுன் பிரேக் பார்க்கிற திடலில், டிரெய்லரோடு ஒரு பிக்கப். டிரெய்லருக்குள் செனட்டர் என்கிற கோவேறு கழுதை, ஐந்நூறு கிலோ. கீழே ஏழு மைல் சரிவு, பதினொரு வளைவு, அடிவாரத்தில் சந்தை. பன்னிரண்டு மணிக்குள் செனட்டரின் பெயரைப் போட்டியில் பதிய வேண்டும். போன வருஷம் பதிய முடியவில்லை. அன்றைக்குக் கோர்ட்டில் விசாரணை. வில்டாவின் சட்டைப் பையில் ஒரு சீப்பு, ஒரு கேரட், ஒரு திசைகாட்டி.

ஆரின் வண்டியை நடை வேகத்தில் உருட்டி, ஸ்டீரிங்குக்குக் கீழே இருந்த பெட்டியின் லிவரை அழுத்தினான். டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடிக்கிற லிவர் அது.

பிடிக்கவில்லை.

2

“உன் டிரெய்லர் செத்துப்போச்சு,” என்றான் ஆரின்.

“என் டிரெய்லருக்கு ஒண்ணுமில்ல. உன் ஓட்ட வண்டிதான் கரன்ட் குடுக்கல,” என்றாள் வில்டா.

“பின்னால போய்ப் பாரு, விளக்கெல்லாம் ஜெகஜோதியா எரியுது!”

“கல்யாணத்தன்னிக்கு நீயும்தான் ஜெகஜோதியா நின்ன. வேலைக்கு ஆவியான்னு அப்புறம்தானய்யா தெரிஞ்சுது.”

(வில்டா கோபத்தில் சொன்னது, ஆனால் விஞ்ஞானம். இந்தக் காலத்து விளக்குகள் எறும்புத் தீனி தின்பவை. சொட்டுக் கரன்ட் போதும். பிரேக் அப்படியில்லை. ஒவ்வொரு சக்கர டிரம்முக்குள்ளும் பிரேக்கைப் பிடிக்க ஒரு மின்காந்தம் உட்கார்ந்திருக்கிறது. நாலும் பந்திக்கு உட்கார்ந்தால் அண்டாவோடு கேட்கும்.)

“பிரேக் பிடித்தது” என்று நான் ஒரே வரியில் எழுதிவிடலாம். எழுதியும் பார்த்தேன். நான் ஆயுசு முழுக்கப் பொய் சொன்னவன். ஆனால் அந்தச் சரிவில் எனக்கே துணிச்சல் வரவில்லை. அந்த வரியை அடித்துவிட்டேன்.

3

இங்கே ஒரு சிறு வேலை. முதல் பகுதிக்குப் போய், வில்டாவின் சட்டைப் பையில் ஒரு திசைகாட்டி வைத்துவிட்டு வந்தேன். நீங்கள் படித்தபோது அது அங்கேதான் இருந்தது என்று சாதிப்பீர்கள். இருக்கட்டும்.

வில்டா திசைகாட்டியைச் சக்கரத்தின் அருகில் பிடித்தாள். “அழுத்து!”

ஆரின் அழுத்தினான். முள் தூங்குமூஞ்சி குமாஸ்தாபோல லேசாகத் தலையாட்டிவிட்டு மறுபடி வடக்கே பார்த்தது.

“பாத்தியா, காந்தம் காலி,” என்றான் ஆரின்.

“பொறு.” டிரெய்லர் கழன்று ஓடினால் கயிறு இழுபட்டு ஒரு ஊசி பிடுங்கிக்கொள்ளும், உடனே டிரெய்லரின் சொந்த பேட்டரி சக்கரங்களைப் பூட்டும். அந்த ஊசியை வில்டா கையாலேயே பிடுங்கினாள். முள் வடக்கை மறந்து டிரம்மை முறைத்தது. ஊசியைத் திரும்பச் செருகினாள்.

“என் டிரெய்லர் நிரபராதி. மன்னிப்புக் கேளு.”

ஆரின் இரண்டு வண்டியையும் இணைக்கிற பிளக்கைக் கழற்றி, பிக்கப் பக்கத்தில் சோதனை விளக்கை வைத்தான். வில்டா உள்ளே போய் லிவரை அழுத்தினாள். பளிச்சென்று எரிந்தது.

“என் வண்டியும் நிரபராதி. நீ கேளு.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

4

ஆரின்மேல் எனக்கு ஒரு சந்தேகம். விவாகரத்தானவளின் கழுதையை இழுத்துக்கொண்டு இவன் ஏன் வந்தான்? காரணத்தை ஒரு வாக்கியமாக எழுதி வைத்தேன். ஆரின் அதைக் கோடு போட்டு அடித்துவிட்டான். ~~அவளில்லாமல் அந்த வீட்டில்~~ அடித்தாலும் தெரிகிறது.

வில்டா டிரெய்லரின் மூக்குக்கு அடியில் படுத்தாள்.

“யோவ், இந்த வெள்ள வயரு எப்ப அறுந்துச்சு?”

கரன்ட் திரும்பிப் போகிற எர்த் வயர். பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. அறுந்து பல வருஷம்.

“அப்ப இத்தன நாளா பிரேக்கு எப்படிப் பிடிச்சுது?” என்றான் ஆரின்.

இருவரும் ஒரே நேரத்தில் கொக்கியைப் பார்த்தார்கள். பிக்கப்பின் இரும்பு உருண்டைமேல் டிரெய்லரின் கிண்ணம் கவிழ்ந்து, இரும்பும் இரும்பும் கிறீச்சிட்டு உரசிய அந்த இடத்தில்தான் இத்தனை வருஷமும் கரன்ட் திரும்பிப் போயிருக்கிறது.

“கிண்ணத்துல கை வழிய கிரீஸ் அப்பியிருக்க. எதுக்கு?” என்றான் ஆரின்.

“சந்தையில கிறீச்சுன்னு கத்தினா உனக்குத்தான மானம் போவும்னு அப்பினேன். உருண்டைக்குக் கறுப்புப் பெயின்ட் அடிச்சது எந்தப் புத்திசாலி?”

ஆரின் தொப்பியைக் கழற்றி உள்ளே எதையோ தேடினான். “துருவோட வந்து நின்னா… நீ ஏதாவது சொல்லுவேன்னு.”

(கிரீஸும் பெயின்டும் சேர்ந்து கரன்ட்டின் வழியை அடைத்துவிட்டன. இருபத்திரண்டு வருஷம் ஒருவருக்கொருவர் ஒரு மரியாதையும் செய்யாதவரை பிரேக் பிடித்திருக்கிறது.)

5

ஒரு முழம் புது வெள்ளை வயர் தேவைப்பட்டது. கொடுத்தேன், என் கதையில் வயருக்குப் பஞ்சமில்லை. ஆரின் முறுக்கினான், வில்டா டேப் சுற்றினாள். “இறுக்கிச் சுத்து.” “எனக்குத் தெரியும்.” “தெரிஞ்சா சரி.” திசைகாட்டி நாலு சக்கரத்துக்கும் ஒழுங்காகத் தலை திருப்பியது. மணி பத்தே முக்கால்.

இனி முடிவு. என்னிடம் மூன்று உண்டு.

அ) இறங்குகிறார்கள், செனட்டர் ஜெயிக்கிறது, இருவரும் மறுபடி— (செனட்டரே கனைத்து மறுக்கிறது.)

ஆ) ஆறாவது வளைவில் டேப் பிரிந்து— (நான் எழுத மாட்டேன். கேட்காதீர்கள்.)

இ) முள் திரும்புவது வேறு, சக்கரம் நிற்பது வேறு. ஆகவே கையேடு சொல்வதுபோல, மறுபடியும் நடை வேகத்தில் உருட்டி லிவரை அழுத்திப் பார்க்க வேண்டும். பிக்கப் நகர்கிறது. திடல் முடிய முந்நூறு அடி. அதற்கப்பால் சரிவு.

“அழுத்தேன்யா,” என்கிறாள் வில்டா.

“நீயே அழுத்து. அப்புறம் என் வண்டிமேல பழி போடுவ.”

“நீ அழுத்து. என் டிரெய்லர்மேல போடுவ.”

இருநூறு அடி. லிவரின்மேல் யார் விரலும் இல்லை. நான் எழுதுகிறவன், என் இரண்டு கையும் பேனாவில். சும்மா இருக்கிற கட்டைவிரல் உங்களுடையது ஒன்றுதான், இந்தப் பக்கத்தின் ஓரத்தைப் பிடித்தபடி.

நூறு அடி. பின்னால் செனட்டர் நாலு காலையும் அகட்டி ஊன்றிக்கொண்டுவிட்டது. உங்களை நம்புகிறதா, நம்பவில்லையா என்று அதன் முகத்தில் தெரியவில்லை.

அழுத்துங்கள்.