ஆற்றில் எழுதிய உபயம்

முகப்பேரில் நாற்பது வீடுகள் கொண்ட அந்த அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில், லிப்ட் வாசலுக்கு எதிரே, சௌம்யா போன ஞாயிறுதான் தன் ஓவியத்தை மாட்டினாள். வியாழன் மாலை அலுவலகத்திலிருந்து வந்தவள், திறந்த லிப்டை விட்டுவிட்டு அதன் முன்னால் போய் நின்றாள்.

சீன மை ஓவியம் அது. மேலே ஒரு மலை, கீழே ஓரமாக ஒரு படகு, அதில் விரல் நகமளவு ஓர் ஆள். மற்றதெல்லாம் வெறும் தாள். அந்த வெறுமைதான் ஆறு. அதில் ஒரு கோடு விழுந்தாலும் ஆறு செத்துவிடும். மையை உறிஞ்சும் தாளில் போட்டதை அழிக்கவும் முடியாது, திருத்தவும் முடியாது. ஐடி வேலைக்கு நடுவே இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளைக் கொட்டி, அறுபது தாள்களைக் கிழித்த பிறகு வாய்த்தது இந்த ஒன்று. கரூரிலிருந்து வந்து எட்டு வருடமாகியும், இந்த ஊரில் அவள் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள வேறு எதுவும் இல்லை.

மாட்டிய அன்று சும்மா இருந்திருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும். தாவோ தத்துவம், வெறுமை என்று விளக்கிக்கொண்டிருந்தவள், நாலு பேர் கொட்டாவி விடவும், அந்தக் காலத்துச் சீன அரசர்கள் தங்களிடமிருந்த ஓவியங்களின் வெற்றிடத்தில் சிவப்பு முத்திரை குத்துவார்கள் என்று சுவாரசியத்துக்குச் சொல்லிவைத்தாள். குடியிருப்போர் சங்கத் தலைவர் பச்சையப்பன் அதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

இப்போது ஆறு முழுக்கச் சிவப்பு மார்க்கர். ‘உபயம்’ என்று தலைப்பிட்டு நிர்வாகக் குழுவினர் ஏழு பேரின் பெயர்கள், வீட்டு எண்களோடு. மூலைக்கொன்றாகச் சங்கத்தின் வட்ட ரப்பர் ஸ்டாம்ப். படகுக்காரன் தலைக்கு மேலே ஒரு கைபேசி எண். சட்டத்தைக் கழற்றித் தாளிலேயே எழுதி முடித்து, கண்ணாடியைத் துடைத்துத் திரும்ப மாட்டியிருந்தார்கள், அந்த அக்கறைக்குக் குறைச்சலில்லை. கோயில் டியூப்லைட்டில் வெளிச்சம் வராத அளவுக்குப் பெயர் எழுதுகிற கூட்டம், வேறென்ன செய்யும். தூ.

பச்சையப்பன் வந்தார். இந்த மனையே ஒரு காலத்தில் அவருடையது, பில்டருக்குக் கொடுத்துவிட்டு இரண்டு வீடு வாங்கிக்கொண்டவர். பாராட்டை எதிர்பார்த்து நின்றார்.

“ஆறுன்னு நீங்கதான சொன்னீங்கோ மேடம். அதான் தண்ணி லாரி யூசுப் நம்பரை அங்க போட்டேன். அல்லாருக்கும் ஒதவும்.”

சௌம்யா அவரைத் தாண்டி நடந்தாள். மாடிக்குப் போய்க் கெட்டி மையையும் இருப்பதிலேயே அகலமான தூரிகையையும் எடுத்துவந்தாள். சட்டத்தைக் கழற்றி, காவலாளியின் மேசையில் தாளை விரித்தாள். அந்த ஏழு பெயர்களையும் பார்க்கப் பார்க்க அருவருப்பாக இருந்தது. ஒவ்வொன்றாகப் புதைத்தாள். ஸ்டாம்பையும் எண்ணையும் புதைத்தாள். கை நிற்கவில்லை. ஓரங்குலம் வெள்ளை மிச்சமில்லாமல் பூசிய பிறகுதான் மூச்சு வந்தது.

பச்சையப்பன் கோபிக்கவில்லை. இடுப்பில் கைவைத்து நிதானமாகப் பார்த்தார்.

“பேரு போனா போவுது மேடம். இப்பதான் காலி எடமே இல்லாம, படம் நெறவா கீது.”

சௌம்யா குனிந்து தேடினாள். படகும் இல்லை, ஆளும் இல்லை. மார்க்கர் தொடாமல் விட்டிருந்த இடங்களையும் அவள் கைதான் மூடியிருந்தது. விரலில் ஒட்டிய மையைப் புடவையில் துடைத்தாள். போகவில்லை. இவ்வளவு நேரம் அவர்மேல் இருந்த அருவருப்பு இப்போது அந்த விரல்களின்மேல் வந்தது.