பகல் ஷிப்டுக்கு மாறியவன்

ருக்குமணி தம்பியின் இரண்டு கால் கட்டைவிரல்களையும் சேர்த்துப் பிடித்து வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தபோது, அவள் கணவர் மோகனராஜ் காதோரம் குனிந்து, "அது வந்திருக்கு" என்றார்.

"எது?"

"அதான்லா, கார்டு பாக்குற பொம்பள. லிப்ட் கிட்ட நிக்கிது."

ஆஸ்பத்திரியின் ஐஸ் பெட்டியில் கிடந்து வந்த கால்கள். விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. ருக்குமணி இன்னொரு சுற்றுச் சுற்றி முடிச்சை இறுக்கினாள்.

"நிக்கட்டும்" என்றாள்.

"பெட்டிய எடுக்கற வரைக்கும் தலைமாட்டுல நிக்கணுமாம். உன்கிட்ட கேக்கச் சொல்லுது. ராத்திரி பூரா அழுதிருக்கும் போல. மூஞ்சி வீங்கிப் போயிருக்கு."

"கார்டு காட்டி அனுப்பி வெச்சவளுக்குத் தலைமாட்டுல எடமா? நான் உசிரோட இருக்கற வரைக்கும் நடக்காது. போய்ச் சொல்லுங்க."

மோகனராஜ் போகவில்லை. கூடாரத்துக் கம்பத்தில் சாய்ந்துகொண்டு, நாற்காலி இறக்குகிறவர்களைப் பார்க்கிற மாதிரி நின்றார். ருக்குமணி குடியிருந்த பாயான் பாரு அடுக்குமாடியின் கீழே, கார்கள் நிற்கிற இடத்தில் கூடாரம் போட்டிருந்தார்கள். நடுவில் திறந்த பெட்டிக்குள் கோகிலன் படுத்திருந்தான். நாற்பத்தைந்து வயதுக்கு மீசை கறுப்பாகவே இருந்தது. மை அடித்திருக்கிறான் என்று ருக்குமணிக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

கோகிலன் பட்டர்வொர்த் துறைமுகத்தில் கன்டெய்னர் இழுக்கிற லோரி ஓட்டினான். எத்தனையோ வருசமாக இரவு ஷிப்ட்தான். ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் சாந்தினியோடு குடியிருந்தான். தாலியும் இல்லை, பதிவும் இல்லை. சாந்தினி லிட்டில் இந்தியாவில் பூக்கடையை ஒட்டி ஒரு மேசை போட்டு டாரட் கார்டு பார்ப்பாள். வெள்ளைக்காரர்கள் வருவார்கள், காலேஜ் பெண்கள் வருவார்கள். மோகனராஜ் அதற்கு வைத்த பெயர், கிளி செத்துப்போன கிளி ஜோசியம்.

போன மாதம் கோகிலன் போன் பண்ணினான்.

"அக்கா, இன்னிக்குச் சாந்தினி எனக்குக் கார்டு எடுத்துச்சு. எலும்புக்கூடு குதிர மேல ஏறி வருது."

"அடப் பாவி, அதச் சிரிச்சுக்கிட்டுச் சொல்றியா?"

"சாவு இல்லையாம்க்கா. சேஞ்சாம்."

அடுத்த வாரமே இரவு ஷிப்டை விட்டுப் பகல் ஷிப்டுக்கு மாறிக்கொண்டான். முந்தாநாள் உச்சி வெயிலில், துறைமுக யார்டில், லோரியை ஓரமாக நிறுத்தி, என்ஜினை அணைத்து, ஸ்டீரிங் மேல் தலை வைத்தவன் எழுந்திருக்கவில்லை. இருதயத்துக்குப் போகிற குழாய் அடைத்திருந்தது, எப்போது வேண்டுமானாலும் நடந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். ருக்குமணி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். மனசு கேட்கவில்லை. இரவு ஷிப்டாக இருந்திருந்தால் அந்த நேரத்துக்கு வீட்டில் காத்தாடிக்கு அடியில் தூங்கிக்கொண்டிருப்பான். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் சாந்தினியும் நின்றாள். மனைவியா என்று கவுண்டரில் மலாய் மொழியில் கேட்டார்கள். ஆமாம் என்றும் சொல்ல வரவில்லை அவளுக்கு, இல்லை என்றும் சொல்ல வரவில்லை. ருக்குமணிதான் முன்னால் போய்க் கையெழுத்துப் போட்டு உடலை வாங்கிக்கொண்டாள்.

சடங்கு செய்கிற பண்டாரம் வந்து செம்பு, அரிசி, வெற்றிலை என்று பரப்ப ஆரம்பித்தார். துறைமுகத்து ஆட்கள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். அதில் ஒருவர் அப்துல் காதர், கோகிலனோடு ஒரே ஷிப்ட் ஓட்டியவர். நேரே ருக்குமணியிடம் வந்தார்.

"அக்கா, நான் காதரு. தம்பி சொல்லியிருப்பான்."

"சொல்லியிருக்கான். உக்காருங்க தம்பி."

"அவன் லோரியில இருந்த சாமான் இது. வீட்டுல ஒப்படைக்கணும்ல."

ஒரு பிளாஸ்டிக் பை. துண்டு, தண்ணீர் போத்தல், கறுப்புக் கண்ணாடி. அதற்கு அடியில் ஒரு சீட்டு. எண்ணெய்க் கை பட்டு ஓரம் கறுத்திருந்தது. ருக்குமணி அதை எடுத்துத் திருப்பினாள். வெள்ளைக் குதிரை. மேலே எலும்புக்கூடு.

"இத எங்க வெச்சிருந்தான்?"

"மீட்டருக்கு மேல சொருகி வெச்சிருந்தான்கா. கண்ணுக்கு நேரா."

ருக்குமணி எழுந்தாள். சேலை முந்தானையை இடுப்பில் செருகினாள். மோகனராஜ், "ஏய், இப்ப வேணாம்லா, ஆளுங்க பாக்குறாங்க" என்று பின்னால் சொன்னது அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

லிப்டுக்குப் பக்கத்தில் தபால் பெட்டிகளை ஒட்டி சாந்தினி நின்றிருந்தாள். வெள்ளைச் சுடிதார். கழுத்தில் ஒன்றும் இல்லை.

"இது உன்னுதுதானே?"

சீட்டைப் பார்த்ததும் சாந்தினி கிட்டே வந்தாள். "இது எங்க இருந்துச்சு அண்ணி?"

"அண்ணின்னு கூப்பிடாத. அவன் லோரியில இருந்துச்சு."

"வீடு பூரா தேடினேன். கேட்டா, எனக்கென்ன தெரியும்னு சிரிச்சாரு. பயந்துபோய்க் கிழிச்சுப் போட்டுட்டாருன்னு நெனச்சேன். ஒண்ணு கொறைஞ்சாலும் கட்டு ஒதவாது. அதுலேர்ந்து மேசையே போடல நான்."

"பயப்படுற மாதிரிதானே படம் போட்டு வெச்சிருக்கு. அவன்கிட்ட என்ன சொன்ன? அப்படியே சொல்லு. கூட்டாத, கொறைக்காத."

சாந்தினி சீட்டை வாங்கவில்லை. ருக்குமணியின் கையில் இருக்கும்போதே விரலை மட்டும் நீட்டினாள். மேசையில் யாருக்கோ சொல்கிற குரல்தான் முதலில் வந்தது.

"கீழ கெடக்கறது ராஜா. கிரீடம் கழண்டு கெடக்கு. பதவி, அதிகாரம் எதுவும் இத நிறுத்தாது. மஞ்ச அங்கி போட்டவரு பெரிய சாமியாரு, கும்பிட்டுக் கெஞ்சறாரு. அதுக்கும் நிக்காது. இந்தப் பொண்ணு பாக்க முடியாம மொகத்தத் திருப்பிக்கிச்சு. கொழந்தைக்கு மட்டும் பயமில்ல, நேரா பாக்குது. கொடியில பூ போட்டிருக்கு பாருங்க. பழசு ஒண்ணு முடிஞ்சு புதுசு வரும். அதனால சாவுன்னு யாருக்கும் சொல்லக்கூடாது, சேஞ்சுன்னுதான் சொல்லணும்."

"இதுல என் தம்பி யாரு?"

"அப்படிப் பாக்கறதில்ல…"

"கீழ கெடக்கறவன்தானே?"

சாந்தினியின் விரல் ராஜாவின் மேலேயே நின்றது.

"அவன் இதுல ஆளுங்களையே பாக்கலக்கா."

காதர்தான். கையில் பால் விடாத தே ஓ டீத் தம்ளரோடு பின்னாலேயே வந்திருந்தார். தம்ளரைத் தபால் பெட்டி மேல் வைத்துவிட்டு, சீட்டின் வலது மூலையைக் காட்டினார்.

"இந்தக் கோடியில பாருங்க. சின்னதா ரெண்டு கோபுரம். நடுவுல சூரியன். இந்தப் பக்கம் தண்ணி, ஒரு படகு. தெரியுதா? கேன்டீன்ல எல்லார்கிட்டயும் காட்டினான். 'டேய், இது நம்ம கிரேனுடா'ன்னான். வேல முடிஞ்சு காலையில ஃபெர்ரியில வரும்போது திரும்பிப் பாத்தா இதேதான்கா தெரியும். ரெண்டு கிரேனுக்கு நடுவுல சூரியன் ஏறும். தெனமும் ரெண்டு பேரும் மோட்டார்ல சாஞ்சுக்கிட்டுப் பாப்போம்."

ருக்குமணி சீட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். எலும்புக்கூட்டுக்குப் பின்னால் இவ்வளவு இருந்தது அப்போதுதான் கண்ணில் பட்டது.

"'நைட்டு முடிஞ்சிருச்சுன்னு கார்டே சொல்லுது காதரு'ன்னான். அன்னிக்கே சூப்பர்வைசர்கிட்டப் போயி பகல் கேட்டான். ஏன்டா, அலவன்ஸ் போயிடுமேன்னு கேட்டேன். 'நான் வீடு போய்ச் சேரும்போது அவ கடைக்குக் கெளம்பறா, அவ வரும்போது நான் ஃபெர்ரிக்கு ஓடறேன். ஒண்ணா உக்காந்து சோறு தின்னு எவ்ளோ நாளாச்சு'ன்னான்."

சாந்தினி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். விரல்களுக்குள்ளிருந்து, "நான் அதச் சொல்லவே இல்ல" என்றாள்.

"எத?"

"ஷிப்ட் மாத்தச் சொல்லல. நான் சொன்ன சேஞ்ச் வேற."

"என்னன்னு சொல்லித் தொலையேன்."

"சிகரெட்டு. சிகரெட்ட விடுங்கன்னு சொன்னேன். இத விட்டாத்தான் உங்களுக்கு நல்ல சேஞ்ச் வரும்னேன்."

காதர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"விட்டானா?" என்றாள் ருக்குமணி.

"எங்க. சாப்பிட்டு முடிச்சதும் ஜன்னல்கிட்ட நின்னுக்கிட்டு ஒண்ணு. கேட்டா, 'நீ சேஞ்சுன்ன, நான் சேஞ்ச் பண்ணிட்டேன்ல'ம்பாரு."

ருக்குமணிக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. பள்ளிக்கூடத்துக் காலத்திலும் அப்படித்தான், கடைக்கு உப்பு வாங்க அனுப்பினால் மிட்டாய் வாங்கி வந்து நீ அதைத்தான் சொன்னாய் என்று சாதிப்பான். காதுக்கு வேண்டியது மட்டும்தான் காதில் விழும்.

ருக்குமணியே ஒரு காலத்தில் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் இரவு ஷிப்ட் கூட்டிப் பெருக்கியவள். கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டு வாசலுக்கு வரும்போது மோகனராஜ் வேலைக்குக் கிளம்பி எதிரே வருவார். சாவிக் கொத்தை மாற்றிக்கொள்வார்கள். சோறு இருக்கு, பிள்ளைக்கு மருந்து கொடு. இரண்டு பேரும் பேசிக்கொண்டது பல வருசம் அவ்வளவுதான். அப்படிக் காலையில் இறங்கும்போது எதிரே ஏறி நிற்கிற சூரியனை அவளுக்கும் தெரியும். கண் கூசும். படுக்கைதான் ஞாபகம் வரும்.

"கடைசியா என்ன ஆக்கிப் போட்ட?" என்று கேட்டாள்.

சாந்தினி கையை எடுத்துவிட்டுப் பார்த்தாள். "டின் சார்டின். வெங்காயம் நெறைய போட்டு. உப்பு பத்தலன்னாரு."

"அவனுக்கு எப்பவும் பத்தாது."

"ஆமா. நான் மேல போடல."

"நானும் போட்டதில்ல."

கூடாரத்தில் பண்டாரம் பாட ஆரம்பித்தார். காதர் ஆறிப்போன தே ஓவை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்.

"இதப் பெட்டிக்குள்ள வெச்சிடலாங்களா?" என்று சாந்தினி சீட்டைப் பார்த்துக் கேட்டாள்.

"எதுக்கு? ஒண்ணு கொறைஞ்சாலும் ஒதவாதுன்னியே. நீ பொழைக்க வேணாமா?"

ருக்குமணி சீட்டை முந்தானையில் துடைத்தாள். ஓரத்துக் கறை போகவில்லை. அதைச் சாந்தினி கையில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.

எடுப்பதாகச் சொன்ன மூன்று மணி நெருங்கியது. பெட்டியின் மூடியை இரண்டு பேர் தூக்கி வந்து சாய்த்து வைத்தார்கள். பண்டாரம் அரிசித் தட்டை எடுத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார்.

"வாய்க்கரிசி போடறவங்க வாங்கம்மா. சம்சாரம் மொதல்ல. சம்சாரம் இருக்காங்களா?"

மோகனராஜ் முன்னால் வந்தார். "இல்லிங்க, அவனுக்குக் கல்யாணம்…"

"இருக்கு" என்றாள் ருக்குமணி.

பின் வரிசையில் ஒரு நாற்காலி கிரீச்சென்றது. ருக்குமணி கூடாரத்து ஓரத்தைப் பார்த்து, "அங்கயே நின்னா எப்படி? செருப்பக் கழட்டிட்டு வா" என்றாள்.

சாந்தினி வந்தாள். ருக்குமணி தலைமாட்டை விட்டு ஓரடி தள்ளி நின்றாள். பண்டாரம் அரிசியை அள்ளிச் சாந்தினியின் கையில் போட்டு, எப்படிக் கவிழ்க்க வேண்டும் என்று காட்டினார். அவள் கவிழ்த்தாள். உள்ளங்கை வேர்த்து ஈரமாக இருந்ததால் பாதி அரிசிதான் விழுந்தது. மீதி ஒட்டிக்கொண்டு நின்றது. அவள் கையை உதறவும் தெரியாமல், எடுக்கவும் தெரியாமல் கோகிலனின் வாய்க்கு மேலேயே பிடித்துக்கொண்டிருந்தாள்.

ருக்குமணி எட்டி அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். ஆள்காட்டி விரலால் உள்ளங்கையிலிருந்து அரிசியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தம்பியின் உதட்டின் மேல் வழித்து விட்டாள். விரலிடுக்கில் ஒரு மணி மட்டும் நின்றுவிட்டது. அதை இரண்டு பேருமே தட்டவில்லை.