பிடுங்கக் கூடாத பென்

மல்லாவியில் ஒரு மணித்தியால அமைதியின் விலை மூவாயிரம் ரூபாய். ஐயாயிரத்தில் தொடங்கியது. பிளேன்ரீ வாங்கிக் கொடுத்து, இரண்டு தரம் எழும்பிப் போவதுபோல் நடித்து அந்த விலைக்கு இறக்கினேன். விற்றவர் ஸ்பீக்கர் செற் செல்வராசா அண்ணை. என் கொமினிகேசன் கடைக்கு நேரெதிரே பிள்ளையார் கோவில், திருவிழாக் காலம். பனையில் கட்டிய ஸ்பீக்கர் குழாய்களில் ஒன்று என் கடைக்குள்ளேயே வாயை வைத்திருந்தது.

"மத்தியானம் பூசையும் இல்லை அண்ணை. பிள்ளையார் ஒருக்கால் கண்ணயரட்டும்."

"கேக்கிறது நீ, பிரதாபன். பிள்ளையார் கேட்டால் சும்மா குடுப்பன்."

அமைதி நிசாந்தினிக்கு. காசும் அவளுடையது, பேரம் மட்டும் என்னுடையது. அக்கராயனில் வீட்டில் சிக்னல் நிற்காது என்று பஸ் ஏறி வந்திருந்தாள். சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரையும் வேலை, கொழும்பு நிறுவனம், வீட்டிலிருந்தே செய்யலாம். இரண்டு மணிக்கு நெற்றில் இன்ரர்வியூ. வரைந்தவற்றைத் திரையில் திறந்து காட்டவேண்டும். இது சரிவராவிட்டால் திங்கட்கிழமை அண்ணியோடு ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறுவதாக வீட்டில் முடிவாகியிருந்தது.

படங்கள் எல்லாம் அவளுடைய லப்டொப்பில். லப்டொப்போ முந்தின நாளிலிருந்து நீலத் திரையைக் காட்டுவதும், தானாக அணைவதும், தானாக எழும்பி மறுபடி நீலமாவதுமாக இருந்தது. என் கடைக் கணினிக்குக் கமரா கிடையாது. விண்டோஸைப் புதிதாகப் போட நேரமும் கிடையாது.

"விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் ஓட்டிப் பாப்பம். பென் ட்ரைவைச் செருகினால் பென்னிலை இருந்தே ஓடும். உள்ளுக்கை இருக்கிற ஒண்டையும் தொடாது."

"போடாமல் எப்பிடி அண்ணை ஓடும்?"

என் அப்பா சந்தையில் மாம்பழம் விற்றவர். கீறி ஒரு துண்டு கையில் வைக்காமல் எவரும் மடியை அவிழ்க்க மாட்டார்கள் என்பது அவருடைய வேதம். லினக்ஸ் செய்தவர்களும் சந்தை அறிந்தவர்கள்தான். ருசி பார்க்கத் தருகிறார்கள். நானும் அப்படியே நாலைந்து வகையைப் பென்களில் ஏற்றி மேசை லாச்சிக்குள் வைத்திருந்தேன். சொந்தக் கணினியில் ஒன்றையும் நிரந்தரமாகப் போட்டதில்லை. ஒன்றைப் போட்டால் மற்றது நல்லதாக இருந்துவிடுமோ என்ற அந்தரம்.

முதல் பென் வைஃபையையே காணவில்லை என்றது. இரண்டாவது கறுத்த திரையைக் காட்டிவிட்டுப் பேசாமல் இருந்தது. நிசாந்தினி மணிக்கூட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"உங்களிட்டைச் சாம்பிள் மட்டும்தானோ? பழமே இல்லையோ?"

மூன்றாவது எழும்பியது. வைஃபை பிடித்தது, கமராவில் அவள் முகம் வந்தது. அவளுடைய கோப்புகளைத் திறந்தால், குளக்கட்டில் சைக்கிள் ஓட்டும் கொக்கு, குடை பிடித்த ஆமை, எல்லாம் பத்திரமாக இருந்தன.

"இந்தப் பென்னைப் பிடுங்கினால் சரி, எல்லாம் போச்சு. விளங்குதோ?" என்றேன். அவளுக்கு விளங்கியது. சொல்லவேண்டிய இன்னொருவர் இருந்தார். அது எனக்கு அப்போது விளங்கவில்லை.

இரண்டு மணிக்குக் குழாய் ஓய்ந்தது. கொழும்பிலிருந்து ஒரு அம்மாவின் குரல் வந்தது. எனக்குக் கடைக்குள் நிற்கவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. ஃபானை நிறுத்தினேன். போட்டோக்கொப்பி எடுக்க வந்தவரைத் திருப்பி அனுப்பினேன். பிறகு வீதியில் இறங்கி, மோட்டார்சைக்கிள்காரரைக் கையெடுத்துக் கும்பிட்டு, ஹோர்ன் அடிக்கவேண்டாம் என்று மன்றாடிக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் செல்வராசா அண்ணை என் கடைக்குள்ளிருந்து நுனிக்காலில் நடந்து வந்தார். விற்ற சாமானுக்கு மரியாதை கொடுப்பவர். செருப்பைக்கூட வாசலில் கழற்றிவிட்டுத்தான் போயிருந்தார். கையில் ஒரு கறுப்புப் பென்.

மல்லாவியில் முச்சக்கரவண்டியில் பாடுவதும் அந்தக் கறுப்புப் பென், கோவிலில் பாடுவதும் அந்தக் கறுப்புப் பென். எல்லாம் நான் விற்றவை. காலையில் அவரும் புதுப்பாட்டு ஏற்றித் தரச்சொல்லித் தன்னுடையதைத் தந்திருந்தார். பென் என்றால் பாட்டு. அதற்குள் வேறென்ன இருக்கப்போகிறது?

"எங்கை அண்ணை எடுத்தனீங்கள்?"

"அந்தப் பிள்ளையின்ரை மெசினிலை. கதைச்சுக்கொண்டிருந்தாள், குழப்பேல்லை. மெல்லமாத்தான் இழுத்தனான்."

உள்ளே ஓடினேன். திரை இன்னும் உயிரோடு இருந்தது. கழுத்தறுத்த கோழி பத்தடி ஓடுமே, அந்த ஓட்டம். நினைவகத்தில் ஏறியது மட்டும் ஓடும். புதிதாக ஒன்றைக் கேட்டால் விழுந்துவிடும்; பென்னைத் திரும்பச் செருகினாலும் பிடிக்காது. கமராவுக்குப் பின்னால் நின்று வெறுங்கையை விரித்துக் காட்டினேன். நிசாந்தினி விரலால் லப்டொப்பின் விளிம்பைத் தடவினாள். பென் இருந்த ஓட்டை வெறுமையாக இருந்தது.

"அடுத்த படத்தைத் திறவுங்கோ," என்றார் அந்த அம்மா.

நிசாந்தினி மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

"மிஸ், இனி ஒண்டும் திறக்கேலாது. இந்தக் கொம்பியூட்டர் ஓடின பென்னைக் கழற்றிக்கொண்டு போட்டினம். எப்ப நிக்கும் எண்டும் தெரியாது. நிக்குமட்டும் நான் உங்களுக்கு முன்னாலையே கீறிக் காட்டட்டோ?"

மறுமுனையில் ஒரு சிரிப்பு. "என்ன கீறுவீங்கள்?"

"நீங்கள் சொல்லுங்கோ."

"தூங்குற பிள்ளையாரைக் கீறுங்கோ."

போட்டோக்கொப்பிக் கட்டிலிருந்து தாளை உருவி மாக்கரோடு நீட்டினேன். தும்பிக்கையைத் தலையணையாக மடித்துப் படுத்த பிள்ளையார். மூஞ்சூறு அவர் காதை இழுத்துப் போர்த்துக்கொண்டிருந்தது. தாளைத் தூக்கிக் கமராவுக்குக் காட்டினாள்; திரை உறைந்தது. தாளுக்கு மேலே அவளுடைய இரண்டு கண்ணும் அப்படியே நின்றன.

பிறகு அவளுடைய போன் அடித்தது. "ஓம் மிஸ்... ஓம்... வாறன் மிஸ்," என்றாள். வைத்தாள்.

"நாளைக்கு ஒன்பது மணிக்குத் திரும்பவாம். மிச்சப் படங்களைப் பாக்கவேணுமாம். சாகாத மெசின் ஒண்டோடை வரட்டாம்."

வாசலில் செல்வராசா அண்ணை. "தம்பி, இதிலை ஒரு பாட்டும் இல்லை! பழசையும் அழிச்சுப்போட்டியோ?"

அவருடைய பென்னை லாச்சியிலிருந்து எடுத்துக் கொடுத்து, என்னுடையதை வாங்கினேன்.

"தங்கச்சி, இன்னும் ரண்டு வகை கிடக்கு. அதுகளையும் ஓட்டிப் பாத்திட்டு—"

"காணும் அண்ணை. படங்களை முதல் வேறை இடத்திலை எடுத்து வையுங்கோ. பிறகு இதையே உள்ளுக்கை போடுங்கோ. ருசி பாத்து ருசி பாத்து நீங்கள் கடையிலை இருக்கலாம். எனக்கு நாளைக்கு ஒன்பது மணி."

படங்களை வேறொரு பென்னில் எடுத்து வைத்த பிறகு, நிறுவு என்ற பொத்தானை அவளே அழுத்தினாள். என் விரலுக்கு அவ்வளவு தைரியம் ஒருநாளும் வந்ததில்லை. எதிரே குழாய் மறுபடி தொண்டையைத் திறந்தது.

லினக்ஸுக்கு விலையில்லை. போட்டுக் கொடுத்த கூலி ஆயிரத்தைந்நூறு. பஸ் காசை ஒதுக்கிவிட்டு அவள் வைத்தது தொள்ளாயிரம். நிலுவை அறுநூறு. வேலை கிடைத்தால் முதற் சம்பளத்தில். கிடைக்காவிட்டால், தொழிற்சாலைச் சம்பளத்தில் என்றாள். இரண்டாவதை நான் கணக்கில் ஏற்றவில்லை.