பூட்டுப் படம் போட்ட மெயில்

லாரி கம்பெனியில் சரக்குச் சீட்டு எழுதுகிறவளுக்கு அன்று காலையிலிருந்தே தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ‘பில்லக்கா’ என்று கூப்பிட்டு, வந்ததும் வராததுமாக அவளை வம்பிழுக்காவிட்டால் அங்கே ஒருத்தருக்கும் பொழுது விடியாது. அன்றைக்கென்று பார்த்து ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. பிறந்ததிலிருந்து யாருக்கும் வழிவிட்டறியாத மெக்கானிக், கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். கேஷியர் தன் மெத்தை நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள்.

“இதுல உக்காருங்கக்கா.”

“என்னடி வந்துச்சு உங்களுக்கெல்லாம்?”

“ஒண்ணுமில்லக்கா” என்றவளின் கண் கலங்கியிருந்தது.

பில்லக்காவுக்குச் சந்தேகம் தட்டியது. அவள் மார்பில் கட்டி. அடுத்த வாரம் ஆபரேஷன். லீவு கேட்டு மேனேஜர் ஒருவருக்குத்தான் முந்தின சாயங்காலம் மெயில் எழுதியிருந்தாள். அதுவும் சும்மாவா? ‘ரகசியம்’ என்ற கட்டத்தை அழுத்தி, பூட்டுப் படம் விழுந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே அனுப்பினாள். அவள் கணவர் அதே கம்பெனியில் டிரைவர். லோடு ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போயிருந்தார். மனைவி தும்மினாலே கை உதறுகிற மனுஷன். திரும்பி வந்ததும் பக்கத்தில் உட்காரவைத்து, தன் வாயால் பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று இருந்தாள். அதற்குள் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்போது எவராவது உளறி வைத்தால்?

நேரே மேனேஜரிடம் போனாள்.

“சார், யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“நான் எங்கம்மா சொன்னேன்? மெக்கானிக் வந்து சொன்னப்புறம்தான் உங்க மெயிலையே திறந்தேன்” என்று அவர் பேந்தப் பேந்த விழித்தார்.

இது என்ன கூத்து! எழுதினவளுக்கும் தெரியாமல், வாங்கினவருக்கும் தெரியாமல், நடுவில் மெக்கானிக் எப்படிப் படித்தார்? கம்ப்யூட்டர் பார்க்கிறவரைக் கூப்பிட்டார்கள். அவர் வந்ததும் கேட்டது ஒன்றுதான்.

“அக்கா, மெயில்ல ஏதாவது குறி போட்டீங்களா?”

“பூட்டு போட்டேனே.”

அவர் தலையில் அடித்துக்கொண்டார். மழையில் பாலம் உடைந்தபோது, ‘அவசரம்’ என்று வந்த மெயிலை ஒருவரும் பார்க்காமல் ரெண்டு லாரி மாட்டிக்கொண்டதாம். அதிலிருந்து குறி போட்ட மெயில் எதுவானாலும் ஆபீஸ் மொத்தத்துக்கும், எல்லா டிரைவர் போனுக்கும் தானாகப் போகும்படி செய்திருக்கிறார்.

“அவசரத்தை மட்டும் பிரிச்சு வெச்சிருக்கணும். சோம்பல்ல எல்லாக் குறியையும் சேர்த்துட்டேன்.”

“அப்போ அந்தப் பூட்டு?”

“அது வெறும் படம்க்கா. எதையும் பூட்டாது. குறியே போடாம அனுப்பியிருந்தா சாருக்கு மட்டும் போயிருக்கும்.”

நாசமாய்ப் போக! கதவில் பூட்டை வரைந்துவிட்டு ஊருக்குப் போகிறவன் உண்டா? ஆனால் அவளுக்குத் திட்டக்கூட வரவில்லை. ‘எல்லா டிரைவருக்கும்’ என்ற இடத்திலேயே காது அடைத்துப்போயிருந்தது.

போன் அடித்தது. அவள் கணவர்தான்.

“என்னங்க, ஓட்டிக்கிட்டா பேசுறீங்க?”

“இல்ல. ஓரமா நிறுத்திட்டேன்.” குரல் ஒரு நிலையில் இல்லை. “காலையில பார்த்தா உன் பேர்ல ஒரு மெயில் வந்திருந்துச்சு. ரகசியம்னு போட்டிருந்துச்சு. எனக்கு எழுதினது இல்லையேன்னு திறக்கல.”

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“அப்புறம் ஒவ்வொருத்தனா போன் பண்ணி, தைரியமா இருடாங்குறான். எதுக்குன்னு சொல்ல வந்தவனையெல்லாம் கட் பண்ணிட்டேன். எனக்கு ஒண்ணும் புரியலம்மா. என்னவா இருந்தாலும் நீ சொல்லு.”

ஆபீஸ் முழுக்க அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“கைபிரேக் போட்டாச்சா?”

“போட்டாச்சு.”

அவள் சொல்லத் தொடங்கினாள்.