மூன்று வருடக் கையெழுத்து

சிமெண்ட் குடோன் கேட்டில் காலை ஆறு மணிக்கு மேஸ்திரி விரலை நீட்டினால் வேலை, இல்லாவிட்டால் வீடு. பதினெட்டு வருடமாக அந்த விரலைப் பார்த்து நின்றவன் நான். அதனால்தான், தம்பி கால்பந்து ஆடும் கிளப்பின் செயலாளர் மூன்று வருட ஒப்பந்தத்தை வீட்டுக்கே கொண்டுவந்தபோது பூரித்துப்போனேன்.

"பழைய ஒப்பந்தம் ரெண்டு மாசத்துல முடியுதுண்ணே. அப்புறம் எங்க வேணா போலாம்," என்றான் தம்பி.

"போற இடத்துல கேட்ல நிப்பியா? எழுதிக் குடுத்து வேலை தரேங்கறான், கசக்குதா? போடுடா."

போட்டான்.

மூன்றாம் மாதம் பெரிய கிளப் ஒன்று அவனைக் கேட்டது. எட்டு மடங்கு சம்பளம். ஆனால், சும்மா வந்தால்தான் எடுப்பார்களாம். ஒப்பந்தம் முடிந்தவன் சும்மா போகலாம். ஒப்பந்தத்தில் இருப்பவனுக்கு அவன் கிளப் விலை கேட்கும். அந்த விதி அன்றைக்குத்தான் என் மண்டையில் ஏறியது.

கிளப் மாறக் கடைசி நாள், ஐந்து மணிவரை கெடு. நாலு மணிக்கு செயலாளர் முன்னால் நின்றேன். நாற்காலியில் பேப்பரை விரித்துவிட்டுத்தான் என்னை உட்காரச் சொன்னார். என் உடம்பெல்லாம் சிமெண்ட்.

"விட்டுடுங்க சார். அவன் பொழைச்சுப் போகட்டும்."

"நான் என்ன கட்டியா போட்டிருக்கேன்? விலையக் குடுக்கச் சொல்லுங்க."

"அவ்ளோ பெறமாட்டான்னு சொல்றாங்க சார்."

"பெறுற நாள் வரைக்கும் இங்கயே ஆடட்டும்."

"பெறாதவன வச்சு நீங்க என்ன சார் பண்ணப் போறீங்க?"

சிரித்தார். "நீங்க வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்ண்ணே. இந்தக் கிளப் டிக்கெட் வித்தா ஓடுது? வருஷத்துக்கு ஒருத்தன வித்துதான் ஓடுது. அவங்க கண்ணு உங்க தம்பி மேல விழுந்தது எனக்கு அப்பவே தெரியும். இல்லன்னா மூணு வருஷம் எதுக்கு எழுதறேன்?"

நாலே முக்காலுக்கு அவருக்கு போன் வந்தது. பெரிய கிளப் வேறொருவனை எடுத்துவிட்டதாம். ஒப்பந்தம் முடிந்த ஆள்.

வெளியே படியில் தம்பி உட்கார்ந்திருந்தான். சொன்னேன். திட்டுவான் என்று நினைத்தேன். பூட்ஸை மாட்ட ஆரம்பித்தான்.

"எங்கடா?"

"ப்ராக்டிஸ். லேட்டானா ஒரு நாள் சம்பளம் பிடிப்பாங்க. ஆறாம் பக்கத்துல இருக்கு."

"படிச்சியா?"

"எல்லாத்தையும் படிச்சுட்டுத்தான் போட்டேன்," என்றான், நிமிராமல். "நீ அவ்ளோ சந்தோஷமா நின்னியேண்ணே."